விளம்பரத்தில் அங்குலம் இருக்கிறது, புள்ளி எங்கே?

ஆசிரியருக்கு,

பண்டிகை நெருங்கினால் போதும், உங்கள் பத்திரிகையைத் திறந்தால் டிவிதான். சித்திரைப் புத்தாண்டோ தீபாவளியோ நத்தாரோ, அரைப்பக்கத்துக்கு ஒரு டிவி, அதற்குள் ஒரு மயில் அல்லது ஒரு நீர்வீழ்ச்சி, பக்கத்தில் 43, 50, 55 என்று கொட்டை எழுத்தில் அங்குலம், கீழே மாதம் எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கு, எந்த வங்கி கார்டுக்கு வட்டி இல்லை என்ற பட்டியல், மூலையில் தங்க நிற வட்டத்துக்குள் ‘4கே’. எல்லாம் சரி. அந்தத் திரையில் உண்மையிலேயே எத்தனை புள்ளி, அதாவது பிக்சல், இருக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணக் கிடைக்காது. டிவி வாங்கப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். கடிதம் நீளமாகிவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், உங்களிடம் கேட்கிற ஒரு விஷயம் கடைசிப் பக்கம் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வீடு வீடாகப் போய் டிவியைச் சுவரில் மாட்டுவது, டிஷ் பெட்டி, வைஃபை எல்லாம் இணைத்துக் கொடுப்பது, இதுதான் என் தொழில். ஆட்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள், அதுவும் சுவரில் நாலு ஓட்டை போட்டு முடிந்த பிறகு.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. 43 அங்குல டிவி, பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக ‘4கே சப்போர்ட்’ என்று போட்டிருந்தது. உடைப்பதற்கு முன் பெட்டியைச் சாய்த்தபோது பக்கவாட்டில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் 1920 × 1080 என்று கண்ணில் பட்டது. வீட்டு ஐயா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, ஏதும் உடைஞ்சிருக்கோ?”

“இல்லை ஐயா. நீங்கள் இதை என்னவென்று சொல்லி வாங்கினீர்கள்?”

“4கேதான். பெட்டியில போட்டிருக்குத்தானே.”

“4கே வீடியோவைக் கொடுத்தால் ஓட்டும் ஐயா, அதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். திரை ஃபுல் எச்.டி.தான்.”

ஐயா பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். “அப்ப நான் குடுத்த காசு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் ஒரு கடை மட்டும் செய்கிற வேலை இல்லை இது, பெயர் தெரியாத மலிவு பிராண்டுகளில் இந்த வாசகம் சாதாரணமாகவே ஒட்டி வருகிறது.

விஷயம் இதுதான். டிவித் திரை என்பது கோடு போட்ட கொப்பி மாதிரி, தொழிற்சாலையில் எத்தனை கட்டம் போட்டார்களோ அத்தனைதான் கடைசிவரை, ஒரு கட்டம் ஒரு புள்ளி. உள்ளே என்ன மென்பொருள் போட்டாலும் கட்டம் கூடாது. 4கே படத்தை உள்வாங்கிச் சுருக்கி, இருக்கிற கட்டத்துக்குள் போட்டுக் காட்டலாம், அதற்குப் பெயர் சப்போர்ட். ஆகவே கடையில் “4கே இருக்கா?” என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “பேனல் எத்தனை பிக்சல்?” என்று கேளுங்கள், பேனல் என்பது படம் தெரிகிற அந்தத் திரைத் தகடு. பதிலாக இரண்டு இலக்கம் வர வேண்டும், அகலத்துக்கு ஒன்று உயரத்துக்கு ஒன்று.

அந்த இலக்கங்கள் அதிகம் இல்லை, மனதில் வைக்கலாம். எச்.டி. ரெடி என்று விற்கிற 32 அங்குல டிவிகள் பெரும்பாலும் 1366 × 768, சுமார் பத்தரை இலட்சம் புள்ளி. ஃபுல் எச்.டி. 1920 × 1080, இருபது இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 4கே அல்லது அல்ட்ரா எச்.டி. 3840 × 2160, எண்பத்து மூன்று இலட்சம், அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல சரியாக நாலு மடங்கு. 8கே 7680 × 4320, மூன்று கோடியே முப்பத்திரண்டு இலட்சம். 8கே பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். ஜப்பானில் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. 2018 டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்து 8கேக்கென்று ஒரு சானலே நடத்துகிறது, நமக்கு அப்படி ஒன்றும் இல்லை, பார்ப்பதற்கு எதுவும் இல்லாத பெட்டிக்கு ஏன் காசு கொட்ட வேண்டும்.

சரி, புள்ளி கூடினால் படம் நன்றாக இருக்குமா? இருக்கும், கிட்ட இருந்து பார்த்தால். இந்த ‘கிட்ட’ என்பதைத்தான் யாரும் அளப்பதில்லை.

நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு, அதாவது கண் வைத்தியர் 6/6 என்று எழுதிக் கொடுக்கிற கண்ணுக்கு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் இரண்டு புள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிடச் சிறியதாகத் தெரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், ஃபுல் எச்.டி. திரையின் மூலைக்கு மூலை அளவை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கி வருகிற தூரம்தான் எல்லை. 43 அங்குலம் என்றால் ஐந்தரை அடி சொச்சம், 55 என்றால் ஏழடி, 65 என்றால் எட்டரை அடி. அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்.டி.யின் புள்ளியே கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, அப்புறம் அதை நாலாக உடைத்து 4கே என்று கொடுத்தால் எங்கே தெரியப் போகிறது. 4கேயின் முழுப் பலனையும் எடுக்க வேண்டுமானால் இதில் பாதித் தூரத்துக்கு வர வேண்டும், 43 அங்குலத்துக்கு மூன்றடிக்கும் குறைவு, அவ்வளவு கிட்டப் போனால் ஆச்சி “கண் பழுதாப் போகும், எழும்பித் தள்ளி இரு” என்று சத்தம் போடுவார். இது கத்தியால் வெட்டிய எல்லை என்று சொல்லவில்லை. இளம் பிள்ளைகளுக்குப் பார்வை 6/6ஐ விடக் கூர்மையாக இருப்பதுண்டு, மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் எல்லைக்குக் கொஞ்சம் அப்பாலும் தெரியும். ஆனால் கடையில் சொல்கிற அளவுக்கு வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஹோல்களை யோசித்துப் பாருங்கள். ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரோடு ஒட்டி செற்றி, நடுவில் எட்டு அல்லது ஒன்பது அடி, சில வீட்டில் பத்து. எட்டடியிலிருந்து பார்க்கிறவருக்குக் கிட்டத்தட்ட 60 அங்குலம் வரைக்கும் ஃபுல் எச்.டி. போதும். கொட்டாஞ்சேனை ஐயாவின் கதிரையும் எட்டடிக்குக் குறையாத தூரத்தில்தான் இருந்தது, அவர் இழந்தது காசுதான், படத்தில் ஒன்றும் இழக்கவில்லை. அதை அவரிடம் சொன்னபோது அவருக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் கூடியது, நியாயமான கோபம்.

இதிலே இன்னொன்று. 50 அங்குலத்துக்கு மேலே போய்விட்டால் இப்போது கடையில் இருப்பது அநேகமாக எல்லாமே 4கேதான், அங்கே உங்களுக்குத் தெரிவு என்று ஒன்று கிடையாது, அதனால் தலையைப் பிய்க்கவும் தேவையில்லை. குழப்பமெல்லாம் 32, 40, 43 இந்த மூன்றில்தான், நம் ஆட்கள் அதிகம் வாங்குவதும் இந்த மூன்றைத்தான். அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்க்க 32 என்றால் 1366 × 768 தாராளமாகப் போதும், ஆறடிக்கு அப்பால் அதன் புள்ளியும் தெரியாது. அதையே பிள்ளை லேப்டாப்பை இணைத்துப் படிக்கப் போகிறான் என்றால் கட்டாயம் வேண்டாம், மேசையில் வைத்து இரண்டடியில் பார்க்கும்போது எழுத்தெல்லாம் பல்லுப் பல்லாகத் தெரியும், ஃபுல் எச்.டி.க்குக் குறைய வாங்கக் கூடாது. 43ஐக் கணினித் திரையாகவும் பாவிக்கிற வீட்டில் 4கே பெறுமதியான செலவு, அங்கே வித்தியாசம் கண்ணாடி போட்ட கண்ணுக்கும் தெரியும். வெறும் டிவியாக ஹோலில் தொங்கப் போகிறது என்றால் நல்ல பிராண்ட் ஃபுல் எச்.டி.யா, பெயர் தெரியாத 4கேயா என்று வந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இனி வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பார்ப்போம், இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற பகுதி. கூரையில் அன்டெனா போட்டுப் பார்க்கிற சானல்கள் பால் (PAL) என்கிற பழைய ஒளிபரப்பு முறையில்தான் நம் வீட்டுக்கு வந்து பழகியவை, படத்துக்கென்று 576 கோடு. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கிய காலத்துக் கணக்கு அது. டிஜிட்டலுக்கு மாற 2014இல் ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தார்கள், அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. டிஜிட்டலில் இந்த 576 கோட்டுப் படத்தை 720 × 576 என்று எடுப்பார்கள், பெருக்கினால் நாலு இலட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் உள்ள எண்பத்து மூன்று இலட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது வரும். அதாவது வருகிற ஒவ்வொரு புள்ளியையும் வைத்துக்கொண்டு டிவி இருபது இடத்தை நிரப்ப வேண்டும், இருபதில் பத்தொன்பது அதன் ஊகம். நல்ல டிவி கெட்டித்தனமாக ஊகிக்கும், மலிவு டிவி மெழுகு பூசின மாதிரி முகமெல்லாம் வழுவழுவென்று ஆக்கிவிடும். 65 அங்குலம் வாங்கி மாட்டிய வீட்டில் அம்மா நாடகத்தைப் போட்டுவிட்டு “பழைய டிவியில இதைவிட வடிவாத் தெரிஞ்சுது” என்று சொன்னால் மகன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அம்மா சொல்வது முழு உண்மை. அந்தச் சின்னத் திரையில் 576 கோடு நெருக்கமாக இருந்தது, இதில் விரித்துக் காயப்போட்டிருக்கிறது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அர்ஜுன ரணதுங்க கோப்பையைத் தூக்கியதை ஊர் முழுக்க அந்த 576 கோட்டில்தான் பார்த்தது, ஒருவரும் புள்ளி எண்ணவில்லை.

அதனால் வீட்டில் பெரும்பாலும் ஓடுவது சாதாரண சானல்தான் என்றால் அங்குலத்தைக் கூட்டாதீர்கள். புள்ளியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் சொல்கிறேன், அங்கே பிரச்சினை புள்ளி இல்லை, அளவு.

டயலொக், பியோ போன்ற கட்டணத் தொலைக்காட்சிகளில் எச்.டி. சானல்கள் இருக்கின்றன, அவை வேறு ரகம், கிரிக்கெட்டை அதில் போட்டால் பந்தின் தையல் தெரியும். ஆனால் எத்தனை வீட்டில் எச்.டி. பெட்டிக்குக் காசு கட்டிக்கொண்டு பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரைச் சொருகி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? பழைய டிவியில் இருந்ததை அப்படியே கழற்றிப் புதியதில் மாட்டிவிடுவது. அந்த மஞ்சள் வயரில் எச்.டி. என்பது வரவே வராது, அது பழைய 576 கோட்டுக்குச் செய்த வயர். எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றைச் சொருகிவிட்டு, பெட்டியின் செட்டிங்கில் வெளியீட்டை 1080 என்று மாற்றிவிட்டு நான் தள்ளி நின்றால், வீட்டுக்காரர் ஏதோ நான் புது டிவி கொண்டுவந்து வைத்த மாதிரி பார்ப்பார். கேபிளுக்கு ஆகிற காசு டிவி விலையில் ஒரு தூசு.

இன்னொரு சின்ன வேலையும் உண்டு, யாரும் செய்வதில்லை. செய்தி பார்க்கும்போது கீழே ஓடுகிற வரியில் பாதி எழுத்து வெட்டுப்பட்டுத் தெரிகிறதா? பல டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிக் காட்டும்படிதான் வருகின்றன, பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். அப்படிப் பெரிதாக்கினால் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது, முழுப்படமும் லேசாக மங்கும், எவ்வளவு ரெசலூஷன், அதாவது புள்ளிக் கணக்கு, இருந்தும் பிரயோசனம் இல்லை. படத்தின் அளவு என்று இருக்கும் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று பிராண்டுக்கு ஒரு பெயரில் கிடக்கும், அதைப் போட்டால் ஓரமும் வரும் கூர்மையும் வரும்.

இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு 4கே நிஜமாகவே கிடைக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது, 1080க்கு 5 போதும். டேட்டா மணிக்கு 7 ஜி.பி. வரைக்கும் போகும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்று பதினேழு, பதினெட்டு ஜி.பி.யை விழுங்கும், மாதத்துக்கு 100 ஜி.பி. பேக்கேஜ் போட்டிருக்கிற வீட்டில் ஆறாவது படத்தின் கிளைமாக்ஸில் வட்டம் சுற்றத் தொடங்கும். அதுவும் 4கே அவர்களுடைய கூடின விலைத் திட்டத்தில்தான் உண்டு, கீழே உள்ளதற்குக் கட்டினால் டிவி 4கே என்றாலும் படம் 1080ஐத் தாண்டாது. இதையெல்லாம் விடக் கொடுமை, சில மலிவு ஆன்ட்ராய்ட் டிவிகளுக்கு வைட்வைன் எல்1 என்கிற, படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் காக்கிற பாதுகாப்பு அங்கீகாரம் கிடையாது. அது இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480 கோட்டுக்கு மேல் கொடுக்காது. யூடியூப் மட்டும் 4கேயில் பளபளவென்று ஓடும், அதைக் கடையில் போட்டுக் காட்டுவார்கள், நாமும் நம்பி வாங்கிக்கொண்டு வருவோம். உண்மையான 4கே பேனல், நல்ல ஃபைபர் இணைப்பு, எல்லாம் இருந்தும் படம் டிவிடி தரத்தில் இருக்கிறது என்று கூப்பிட்ட வீடுகளில் காரணம் அநேகமாக இதுதான். கடையிலேயே வைஃபையில் போட்டு, நெட்ஃபிளிக்ஸ் ஆப் டிவியோடு வந்ததா, பிறகு யாராவது இறக்கிப் போட்டதா என்று கேட்பது நல்லது.

கடையில் பார்க்கும்போது எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும். முதலாம் குறுக்குத்தெருவில் போய்ப் பாருங்கள், காலி வீதி ஷோரூம்களில் பாருங்கள், பிரகாசத்தை முழுக்க ஏற்றி, நிறத்தை அள்ளிக் கொட்டி, கம்பெனியே கொடுத்த டெமோ வீடியோவை ஓட்டிக்கொண்டிருப்பார்கள், பூவும் பழமும் கிளியும். நம் வீட்டில் கிளியா பார்க்கப் போகிறோம்? ஒரு பென்டிரைவில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற மாதிரி ஒரு படத் துண்டு, இருட்டுக் காட்சி உள்ளதாக, கொண்டுபோய் “தம்பி, இதை ஒருக்கா போடுங்கோ” என்று கேளுங்கள். மறுக்கிற கடையும் இருக்கும், அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.

இருட்டுக் காட்சி என்று ஏன் சொன்னேன் என்றால், படத்தின் தரத்தில் புள்ளிக்கு முன்னால் வருவது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதும், வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்பதும். கடல் பக்கம் பார்த்த மேல்மாடி வீடுகளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வெயில் நேரே ஹோலுக்குள் விழும், அந்த நேரம் மலிவு 4கே டிவியில் முகம் பார்க்கலாம், படம் பார்க்க முடியாது. பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள், அதன் பிரகாசம் 250, 300 நிட் அளவில்தான் இருக்கும். அதே பெட்டியில் எச்.டி.ஆர். என்றும் போட்டிருப்பார்கள், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிற முறை அது, எச்.டி.ஆர். படங்களைத் தயாரிக்கிறவர்கள் 1000 நிட்டையும் அதற்கு மேலும் மனதில் வைத்து நிறம் பார்க்கிறார்கள், 300 நிட்டில் அது எப்படி வரும்? இதுவும் அந்த ‘சப்போர்ட்’ கதைதான். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறுகிறதா என்பதையும் பாருங்கள். பேனலில் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு வகை அதிகம். வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கத்துக்கு நகர்ந்தால் வெளிறும். ஐ.பி.எஸ். அதற்கு நேர் எதிர். விருந்தாளி வந்தால் கதிரையை எல்லாப் பக்கமும் இழுத்துப் போட்டு உட்காருகிற வீடு நம்முடையது, நடுவில் உட்காருகிறவருக்கு மட்டும் நிறம் தெரிந்தால் போதாது.

வீடியோ கேம் விளையாட வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு வரி. எச்.டி.எம்.ஐ. 1.4 துளை என்றால் 4கே வினாடிக்கு 30 படம்தான், 2.0 என்றால் 60, 120 வேண்டுமென்றால் 2.1. எல்லாத் துளையும் ஒரே மாதிரி இருக்காது, எந்த இலக்கத் துளை எது என்று கேட்டுச் சொருகுங்கள்.

கரண்ட் பில்லையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே அளவில் ஃபுல் எச்.டி.யை விட 4கே பொதுவாகக் கொஞ்சம் கூட இழுக்கும், புள்ளி சிறிதாகும்போது ஒளி வெளியே வருவது குறைவதால் பின்னால் உள்ள விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் காலையிலிருந்து இரவு வரை யாரும் பார்க்காமலே டிவி ஓடுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

பேனல் எத்தனை புள்ளி என்பதைச் சரிபார்க்க டிவியின் செட்டிங்கை மட்டும் நம்ப வேண்டாம், ஆன்ட்ராய்ட் டிவிகள் பல உண்மையான 4கே என்றாலும் மெனுவை 1080இல்தான் வரைகின்றன, ஆகவே அங்கே 1080 என்று இருப்பதை வைத்துச் சண்டை பிடித்தால் நாம்தான் வெட்கப்பட வேண்டும். மாதிரி இலக்கத்தைப் படம் பிடித்து, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ‘டிஸ்பிளே ரெசலூஷன்’ அல்லது ‘நேட்டிவ் ரெசலூஷன்’ என்ற வரிக்கு எதிரே இருப்பதுதான் கணக்கு. ‘மீடியா சப்போர்ட்’, ‘டிகோடிங்’ என்ற வரிக்கு எதிரே இருப்பது கணக்கில்லை. தளமே இல்லாத பிராண்ட் என்றால், அதுவே ஒரு பதில்.

இப்போது ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது. டிவி விளம்பரம் ஏற்கும்போது அங்குலத்துக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பேனலின் அந்த இரண்டு இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள். இடம் இல்லை என்று சொல்ல முடியாது, மயிலின் வாலைக் கொஞ்சம் வெட்டினால் இடம் வரும். விளம்பரக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நீங்கள் யோசிக்கலாம். உண்மையான 4கே விற்கிற கடைக்கு இதில் இலாபம்தான், பக்கத்துக் கடைக்காரன் சப்போர்ட் என்று சொல்லி அரை விலைக்கு விற்பது அவர்களுக்கும் தொல்லை. 2022 நெருக்கடியில் சாமான் வராமல் போய், பிறகு வந்து, 2024இலிருந்து வற் வரி 18 சதவீதம் ஆகி, இவ்வளவுக்கும் நடுவில் ஒரு குடும்பம் தவணை கட்டி ஒரு டிவி எடுக்கிறது. கொடுக்கிற காசுக்கு என்ன வருகிறது என்று பத்திரிகையில் தெரியட்டும்.

அதுவரைக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். காசு கட்டும்போது பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தோடு “பேனல் 3840 × 2160” என்று கையால் எழுதி, கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். உண்மையான சரக்கு என்றால் கேட்டவுடன் எழுதித் தருவார்கள், பேனை தேடுகிற பாவனையில் முதலாளியைக் கூப்பிட்டால் நீங்களும் படியிறங்கலாம். எழுதித் தந்த பிறகு வீட்டில் வேறாக இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொய் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது, அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டு மங்குகிற தாளில் வரும், வாங்கின அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், டிவிப் பெட்டியையும் உடனே பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
டிவி மாட்டுகிற ஒரு வாசகன்,
கொழும்பு 06